பெண் விசாரிக்க வந்த ஆள்

விரலை வைத்தால் திறக்கிற கதவு அன்று காலையில் திறக்கவில்லை. கை ஈரமாக இருக்கும் என்று துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். சிவப்பு விளக்குதான் எரிந்தது. வேறு விரலை வைத்தேன். அதற்கும் சிவப்பு. எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. வாசலில் நிற்கிற காவலர் தினமும் என்னைப் பார்த்ததும், "பாறசாலை வண்டி இன்றைக்கு நேரத்துக்கு வந்துவிட்டதா?" என்று கேட்கிறவர். அன்று என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு, "உங்களை வெளி அறையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள் மேடம்" என்றார். ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரியாது என்று சொல்கிறவரின் முகமா அது!

நான் வேலை பார்ப்பது திருவனந்தபுரத்தில் உள்ள அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்றில். ராணுவத்துக்கு வேண்டிய மின்னணுக் கருவிகளும் சென்சார்களும் செய்கிற இடம். மண்ணுக்குள் ஒரு கருவியைப் புதைத்து வைத்தால், மேலே நடப்பது மனிதனா மாடா பன்றியா என்று அது அதிர்வை வைத்துச் சொல்ல வேண்டும். என் வேலை அதில்தான். இதற்கு மேல் சொல்லக் கூடாது. இந்த அளவுக்கு யாருக்கும் தெரியும், அதனால் சொல்கிறேன். தென்னை மரத்திலிருந்து ஒரு மட்டை விழுந்தால் எங்கள் கருவி 'ஆள் வருகிறான்' என்று கத்தும். அந்தக் கத்தலை நிறுத்துவதற்காக நாங்கள் நான்கைந்து பேர் தலையை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. களச் சோதனை நெருங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் என்னை வெளியே உட்கார வைத்தார்கள்.

அங்கே சேருகிற அன்றே சந்தேகம் தொடங்கிவிடும். கைபேசியை வாசலில் உள்ள பெட்டியில் வைத்துவிட வேண்டும். பையைத் திறந்து காட்ட வேண்டும், சாப்பாட்டுப் பாத்திரம் உட்பட. எங்கே வேலை, என்ன வேலை என்று வெளியே யாரிடமும் பேசக் கூடாது. எனக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. ஒப்பந்தத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, பரீட்சை எழுதி, நேர்முகம் முடித்து, அப்போதுதான் நிரந்தர வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. ஊரில் என்னைப் பற்றிப் போலீஸ் விசாரித்து அறிக்கை தர வேண்டும். அது சரியாக வந்தால் வேலை நிலைக்கும். வராவிட்டால் அதோடு முடிந்தது. பிறகு வேறெந்த அரசாங்க வேலைக்குப் போனாலும் இந்தக் கறை கூடவே வரும்.

அந்த வேலை எனக்கு வெறும் சம்பளம் அல்ல. கல்யாணம் முறிந்து வந்து நின்றபோது என்னைத் தூக்கி நிறுத்தியது அது ஒன்றுதான். அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மலையாளமும் ஆங்கிலமும் கலந்து, ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுப் பேசுவார். உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"நீங்கள் எந்த பேங்கில் வேலை பார்க்கிறீர்கள்?"

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "நான் இங்கேதானே சார் வேலை பார்க்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா?"

"ஆகி, விவாகரத்தும் ஆகிவிட்டது. எழுதிக் கொடுத்திருக்கிறேனே. நாகர்கோவிலில் கல்யாணம், அங்கேயே கோர்ட்டில் பிரிந்தோம்."

"உங்கள் ஊரில் அப்படிச் சொல்லவில்லை. உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லையாம். நாகர்கோவிலில் நீங்கள் ஒரு நாளும் இருந்ததில்லையாம். பேங்கில் வேலையாம். ஒருவர் தப்பாகச் சொல்லலாம். கேட்ட எல்லாரும் ஒரே தப்பைச் சொல்வார்களா?"

"யாரோ எனக்கு ஆகாதவர்கள் சார்" என்றேன். அது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஒரு ஆளுக்கு இரண்டு கதை இருந்தால், எங்கள் வேலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்" என்றார்.

வெளி அறை என்பது பழைய பத்திரிகைகள் கிடக்கிற வாசிப்பறை. அங்கே உட்கார்ந்தேன். என்னோடு தினமும் சாப்பாட்டைப் பங்கு போடுகிற பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள், வந்தாள். ஒரு தடவை கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அங்கே அதுதான் நடைமுறை. வீட்டிலிருந்து கொண்டுபோன மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அப்படியே திரும்பி வந்தது.

சாயங்கால வண்டியில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு வரும்போது மனதில் ஓடியதெல்லாம் ஒரே கேள்வி. யார்? நெய்யாற்றின்கரையில் இறங்குகிறவர்கள் இறங்கி, உட்கார இடம் கிடைத்தபோது எனக்கு ஆள் கிடைத்துவிட்டான். மேலவீட்டு மாமன்!

எங்கள் வீட்டுக்கு மேற்கே அடுத்த வீடு அவருடையது. தூரத்துச் சொந்தம், அதனால் மாமன். தாலுக்கா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் இரண்டு வீட்டு எல்லையில் நிற்கிற ஓர் அயினி மரத்துக்காகத் தொடங்கிய வழக்கு, அப்பா போன பிறகும் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா கோழியைத் திட்டுவதாக இருந்தால் கூட மேற்கே பார்த்துத்தான் திட்டுவாள். வேறு யார் எனக்கு இதைச் செய்வார்கள்?

எல்லையோரத்துப் பாறசாலையில் இறங்கி நடந்து, எங்கள் முக்கு வந்தபோது சாயாக்கடை அக்கா எட்டிப் பார்த்தாள். எப்போதும் இல்லாத ஒரு சிரிப்பு.

"என்ன பிள்ளே, வல்ல விசேஷமும் உண்டா?" என்றாள்.

"என்ன விசேஷம்?"

"ஒண்ணும் அறியாத மாதிரி! நடக்கட்டு, நடக்கட்டு. நாங்க ஒண்ணும் கேக்கல்ல."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது. என் வேலை போவதைச் சாயாவோடு சேர்த்துக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவளும் கூட்டு. ஊரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் 'குண்டுக் கம்பெனி' என்று பெயர். எத்தனை ரகசியமாக வைத்தாலும் எப்படியோ கொஞ்சம் கசிந்து, கசிந்ததற்குக் கை கால் வைத்து, நான் ஏதோ குண்டு உருட்டுகிறேன் என்று முடிவு கட்டியிருந்தார்கள். "இந்த மாசம் எத்தனை குண்டு உருட்டினே?" என்று கேட்பது இந்த அக்காவின் வழக்கம். அப்படிக் கேட்கிறவள் போலீஸ்காரனிடம் பேங்க் என்று சொல்லியிருக்கிறாள் என்றால், வேண்டுமென்றே சொன்னதுதானே!

வீட்டுக்குக் கூடப் போகவில்லை. பையோடு நேரே மேலவீட்டு முற்றத்தில் போய் நின்றேன். மாமன் நல்லமிளகு காயப்போட்டிருந்ததை வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த முற்றத்தில் எங்கள் வீட்டுக் கால்.

"மாமா, என்னப் பத்தி என்ன சொன்னிய? ஆருகிட்ட சொன்னிய? வழக்குல ஜெயிக்க முடியல்லன்னா என் ஜோலியக் கெடுப்பியளா?"

"எதுக்கு இப்படிக் கெடந்து கூப்பாடு போடுதே? ஆருகிட்ட நான் என்ன சொன்னேன்?" என்றார். பிறகு அவர் முகம் மாறியது. "ஓ, அந்த மீசைக்காரன்கிட்டயா? அவன்கிட்ட நல்லதுதானே சொன்னேன்."

"நான் பேங்குலயா ஜோலி பாக்குதேன்?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "பைய்யப் பேசு பிள்ளே."

"எனக்குக் கல்யாணம் கழிஞ்சது ஒமக்குத் தெரியாதா? பந்தியில இருந்து உண்டுட்டுத்தானே வந்திய?"

"பைய்யப் பேசுன்னு சொன்னேன்லா! ரோட்டுல ஆளு போவுது." அவர் மிளகுச் சுளகைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். "எட்டீ, வழக்கு வேற, பெண்ணு காரியம் வேற. அந்த அயினிக்கு நான் சாவுறது வரைக்கும் கோர்ட்டு கேறுவேன். அதுக்காக, பெண்ணு விசாரிக்க வந்தவன்கிட்ட ஒன் வாழ்க்கையில மண்ணு வாரிப் போடுவேனா? என்னப் பத்தி நீ நெனச்சது அவ்வளவுதானா?"

பெண் விசாரிக்க வந்தவன். அப்போதுதான் எனக்கு ஏதோ புரிய ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் வருகிறது என்றால், மாப்பிள்ளை வீட்டார் நேரே வீட்டுக்கு வர மாட்டார்கள். முதலில் ஓர் ஆள் வருவான். முக்கில் வண்டியை நிறுத்தி, ஒரு சாயா சொல்லி, ஏத்தங்காய் அப்பத்தைக் கடித்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்கிற மாதிரிக் கேட்பான். அந்தக் குடும்பம் எப்படி, பெண்ணின் சுபாவம் எப்படி என்று. அப்படி ஓர் ஆள் வந்தால் ஊர் முழுக்க ஒரே வாயாகிவிடும். பகையெல்லாம் அந்த ஒரு நாழிகைக்குக் கிடையாது. தாலி ஏறாத பெண்ணின் பேரில் ஒரு குறை சொன்னால் அந்தப் பாவம் ஏழு தலைமுறைக்கும் போகாது என்று நம்புகிறவர்கள். குறை இருந்தால் மூடுவார்கள். மூட முடியாத குறை என்றால் அதற்கு மேலே நிறைவாக ஏதாவது சேர்த்துச் சொல்வார்கள்.

"அது மாப்பிள்ளை வீட்டு ஆளில்ல மாமா. போலீஸு."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போலீஸா? வெள்ளை வேட்டி உடுத்து, நெத்தியில சந்தனமும் தொட்டு வந்தானே! சுபாவம் எப்படி, கூட்டு ஆரோட, வீட்டுக்கு ஆரெல்லாம் வந்து போவினும்னுல்லா கேட்டான்? மாப்பிள்ளை வீட்டுக்காரன் இதைத் தவிர வேற என்னத்தக் கேப்பான்?"

போலீஸ்காரனும் மாப்பிள்ளை வீட்டுக்காரனும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

"சரி, பேங்கு எங்கேருந்து வந்தது? கேட்டவங்க எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லியிருக்கிய. ஆரு சொல்லித் தந்தது?"

மாமன் தரையில் சிதறின மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில், "ஒங்கம்மை" என்றார். "என் நடையில வருசம் இத்தனை ஆயி கால் வைக்காதவ, ஒரு நாளு வந்து நின்னா. ஆராவது விசாரிக்க வந்தா இப்படிச் சொல்லணும்னு கும்பிட்டுக் கேட்டா. நான் எப்படி முடியாதுன்னு சொல்லுவேன்?"

அம்மா என் கல்யாணம் முறிந்த நாளிலிருந்து அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. நானும் பேசவில்லை. அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சமையல் பேசுவோம், தேங்காய் விலை பேசுவோம், மேலவீட்டுக்காரரைப் பற்றி வேண்டிய மட்டும் பேசுவோம். நாகர்கோவில் என்ற சொல்லே எங்கள் பேச்சில் வராது. அம்மாவுக்கு என் வேலையும் பிடிக்காது. ஆண்களோடு வெயிலில் காட்டுப் பக்கம் போய்க் குழி தோண்டுகிற வேலை ஒரு பெண்ணுக்கு எதற்கு என்பாள். அதனால் எனக்குத் தோன்றியதைக் கேளுங்கள். அம்மா தெரிந்தேதான் செய்திருக்கிறாள், வேலை போனால் நான் வேறு வழியில்லாமல் இன்னொரு கல்யாணத்துக்குச் சம்மதிப்பேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாள் என்றே நினைத்தேன். பெற்ற தாயை அப்படிச் சந்தேகப்பட்டேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா அடுக்களையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன். அவள் திருவுவதை நிறுத்தவில்லை.

"நீதானே சொன்னே, எங்க ஜோலின்னு ஆருகிட்டயும் சொல்லப்பிடாதுன்னு?"

"அதுக்குப் பேங்குன்னு சொல்லச் சொன்னேனா?"

"பின்ன என்னன்னு சொல்ல? ஜோலி ஒண்ணும் இல்லாம தெனமும் வண்டி கேறிப் போறான்னு சொல்லவா? குண்டுக் கம்பெனின்னு கேட்டா எந்தக் குடும்பத்துக்காரன் இஞ்ச வருவான்?"

"கல்யாணமே கழியல்லன்னு சொல்லச் சொன்னியே, அது?"

"அது நாகர்கோவில்ல வச்சு நடந்தது. இஞ்ச எத்தன பேரு கண்டா?"

"என்னைப் பார்த்தா ஒனக்கு அவ்வளவு வெட்கமா இருக்கா அம்மா?"

திருவலைச் சத்தம் நின்றது. ஏதோ சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். தேங்காய்ப்பூவைக் கையால் ஒதுக்கிச் சேர்த்துவிட்டு, மறுபடி திருவ ஆரம்பித்தாள். எனக்கு அதுவே போதுமான பதிலாக இருந்தது. அதன் பிறகு நாங்கள் தேங்காய் விலை கூடப் பேசவில்லை.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரியிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "நல்ல கதை" என்றார். கதை இல்லை சார் என்றேன். "சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் ஒருவர் பாக்கி இல்லாமல் உங்களுக்காகப் பொய் சொல்வார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். நாளைக்கு அதே ஆட்கள் வந்து உங்களை நல்லவர் என்று சொன்னால், அதை நான் எந்த நம்பிக்கையில் எடுத்துக்கொள்வது?"

இப்படி ஒரு கேள்வி கேட்டால் மனிதன் என்ன சொல்வான்? கடைசியில் அவரே, மறு விசாரணைக்கு எழுதுகிறேன் என்றார். முன்பு பேசினவர்களும் என் அம்மாவும் வாய்மொழியாக அல்ல, கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும்.

ஊரில் இதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உண்மையைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு ஆளாகக் கெஞ்ச வேண்டியிருந்தது. சாயாக்கடை அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். "பெண்ணுக்க காரியத்தில நான் அப்படிச் சொல்ல மாட்டேன் மக்கா. என் நாக்கு அழுகிப் போவும்." அது போலீஸ்தான் என்பதையே அவள் நம்பவில்லை. என் பழைய புருஷனான நாகர்கோவில்காரன் ஆள் விட்டு, எழுதி வாங்கி, என் அடுத்த கல்யாணத்தை முடக்கப் பார்க்கிறான் என்பது அவள் கட்டிய கணக்கு. "நீ பாவம், ஒனக்கு ஒலகம் தெரியாது" என்று எனக்கே புத்தி சொன்னாள். மேலவீட்டு மாமன் அவர் பங்குக்கு, "அவனுக்க ஐடி கார்டு பாத்தியா? இப்ப கார்டெல்லாம் கடையில அடிச்சுக் கொடுக்கினும்" என்றார். ஆய்வுக்கூடத்தில் என்னை நம்பவில்லை. ஊரில் போலீசை நம்பவில்லை. நான் அம்மாவை நம்பவில்லை.

இந்தத் தடவை அந்த மீசைக்காரப் போலீஸ்காரர் காக்கிச் சட்டையோடு, ஜீப்பில் வந்தார். ஊர் நம்பட்டும் என்றே அப்படி வந்திருப்பார். காலை நேரம், முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். சாயாக்கடை அக்கா கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாறே, அன்னைக்கு என் கடையில ரெண்டு அப்பமும் தின்னியளே, அப்பமே போலீஸுன்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா இந்த வம்பு உண்டா?"

"சொல்லியிருந்தால் நீங்கள் வாயைத் திறந்திருப்பீர்களா?" என்றார் அவர் மலையாளத்தில். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். போடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "பொறுத்துக்க மக்கா" என்றாள்.

மாமன் அவர் வீட்டுப் பக்கத்திலிருந்து எல்லையைத் தாண்டி வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேங்கு இல்ல. கவர்மெண்டு ஜோலியாக்கும். கல்யாணம் கழிஞ்சது. பிரிஞ்சும் ஆச்சு. பிள்ளை தங்கமான பிள்ளை. அதையும் எழுதணும் சாறே, அது பொய்யில்ல." கையெழுத்தைப் போட்டுவிட்டு, போகாமல் ஓரத்தில் நின்றார்.

அம்மாவின் முறை வந்தது. அவள் குளித்து, நல்ல சேலை உடுத்தி, கோயிலுக்குப் போகிறவள் போல வந்து நின்றாள். போலீஸ்காரர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். வயது, குடும்பம், என் படிப்பு. ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். நாகர்கோவில் கல்யாணத்தையும் விவாகரத்தையும் ஒப்புக்கொண்டாள். கடைசியில் அவர் கேட்டார், "மகள் எழுதிக் கொடுத்ததில் மறைத்தது ஏதாவது உண்டா?"

இல்லை என்ற ஒரு வார்த்தைதான் பாக்கி. அவர் பேனாவை அதற்குத் தயாராகவே வைத்திருந்தார்.

"உண்டு" என்றாள் அம்மா.

கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் சந்தேகப்பட்டது சரிதான், கடைசி நேரத்தில் எல்லார் முன்னாலும் வைத்து முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். "அம்மா!" என்று கத்தினேன் போலிருக்கிறது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரிஞ்சதுன்னு இவ எழுதியிருக்கா. சம்மதம் ஒண்ணும் இல்ல சாறே. அவன் அடிப்பான். கை ஓங்காத நாளு கெடையாது. இவ ஓடி வந்தா. நானாக்கும் பஸ்ஸில கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி விட்டது. மறுபடியும் வந்தா. மறுபடியும் கொண்டு விட்டேன். அனுசரிச்சுப் போ மக்கான்னு சொல்லி விட்டேன். அதுக்குப் பொறவு அடி வாங்கினப்போ இவ இஞ்ச வரல்ல. திருவனந்தபுரத்தில ஏதோ ஹாஸ்டலுக்குப் போயிட்டா. அம்மை வீடு இருக்கும்போ ஹாஸ்டலுக்குப் போனா." அம்மா நிறுத்தவில்லை. "கல்யாணமே கழியல்லன்னு ஊரு முழுக்கச் சொல்ல வச்சது இவளை நெனச்சு வெட்கப்பட்டு இல்ல. கல்யாணம் உண்டுன்னு சொன்னா ஏன் பிரிஞ்சதுன்னு கேப்பினும். எனக்குத்தான் அதைச் சொல்ல வாய் கெடையாது."

மாமன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷமாக நான் அம்மாவிடம் கேட்க நினைத்த ஒரே கேள்வி அதுதான், ஏன் என்னைத் திருப்பி விட்டாய் என்பது. கேட்டால் அவள் செத்துப்போவாள் என்று பயந்து கேட்காமல் இருந்தேன். கேட்காமலே அவள் தினமும் பதில் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

போலீஸ்காரர் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டார். "அம்மா, அது எழுதேண்ட" என்றார் மெதுவாக. எழுத வேண்டாம், தேவையில்லை என்று.

"எழுதணும் சாறே" என்றாள் அம்மா. "எழுதாம நான் ஒப்பு போட மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார். அவர் எழுதுகிற நேரத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வேலை எனக்கு நிலைத்தது. பாதுகாப்பு அதிகாரி இன்றைக்கும் என்னை முழுசாக நம்புகிறார் என்று சொல்ல மாட்டேன். அவர் யாரையும் நம்புவதில்லை. அயினி மரத்து வழக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மலையாளத்தில் எழுதி முடித்துக் காகிதத்தை அம்மாவிடம் நீட்டினார். அம்மாவின் படிப்பு தமிழில், விளவங்கோட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். மலையாளம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவாள், எழுத்து தெரியாது. தானே வாசித்துக் காட்டுவதாகப் போலீஸ்காரர் சொன்னதை அவள் ஏற்கவில்லை. அவர் பேரில் அவளுக்கு அப்போதும் சந்தேகம்தான். காகிதத்தை என்னிடம் தந்தாள்.

"நீ வாசி. நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்காரான்னு பாரு."

வாசித்தேன். கையெழுத்து நன்றாக, தெளிவாக இருந்தது. நான் எழுதிக் கொடுத்தவை அனைத்தும் உண்மை என்று என் தாயார் உறுதி சொல்வதாக எழுதியிருந்தது. கணவன் மனைவிக்குள் ஒத்துப்போகாததால் பிரிந்தார்கள் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். அடியும் இல்லை, பஸ்ஸும் இல்லை, ஹாஸ்டலும் இல்லை. நான் நிமிர்ந்தபோது போலீஸ்காரர் வேலிப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதியிருக்காரா?" என்றாள் அம்மா. என் முகத்தை விட்டு அவள் கண் நகரவில்லை.

"எழுதியிருக்காரு அம்மா" என்றேன். "நீ சொன்னது எல்லாம் இருக்கு."

அம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.